பாலாற்றங்கரையைப் பிடித்து இரண்டு நாள்: குடும்பத்தோடு வட ஆற்காட்டைச் சுற்றிவர ஒரு முழு வழிகாட்டி

அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு, மரமில்லா மலை. வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, நாமே சொல்லிக்கொள்ளும் பேச்சு இது. மருத்துவமனைக்கு வந்தோம், பொற்கோயிலைப் பார்த்தோம், கிளம்பினோம் என்று போகிறவர்களுக்கு அது உண்மையாகவே படும். ஆனால் எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த வரிசையில் போவது என்று தெரிந்து போனால் இந்தப் பழைய வட ஆற்காட்டுச் சீமை வேறு முகம் காட்டும். காலையில் கல், மதியம் சாப்பாடு, மாலையில் மலை, இரவில் வானம். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் சரியான வரிசை. இதை மாற்றினால் பிள்ளைகள் சிணுங்கும், பெரியவர்களுக்குத் தலை சுற்றும்.

கீழே சொல்லியிருப்பது ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான திட்டம். வேலூரில் தொடங்கிப் பாலாற்றை ஒட்டியே மேற்கே போய், ஜவ்வாது மலையையும் ஏலகிரியையும் தொட்டு முடியும். 2019-இல் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. அதனால் இந்த இரண்டு நாளில் இரண்டு மாவட்டங்களுக்குள் போய் வருவீர்கள். சாப்பாடும் பேச்சும் மாறாது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை பொற்காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும், மலை பச்சையாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும். பாலாற்றில் தண்ணீரைப் பார்க்கும் வாய்ப்பும் அப்போதுதான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தைப் பார்க்கப் பாலங்களின் மேல் ஊரே திரண்டு நின்றது. எல்லா வருடமும் அப்படி வராது. மணலைப் பார்த்துவிட்டு வந்தாலும் அது நம் ஆறுதான்.

ஆவணி, புரட்டாசியும் மோசமில்லை. மாலை மழை வந்து கெடுக்கும், அவ்வளவுதான். சித்திரையில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் பகல் திட்டத்தையே கைவிடுங்கள். அந்த மாதங்களுக்கு ராத்திரித் திட்டம் ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மாதம் முடிவானதும் நாட்காட்டியில் நிலாவைப் பாருங்கள். சனிக்கிழமை இரவு வானம் பார்க்கப் போகிறோம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா வெளிச்சம் விண்மீன்களையெல்லாம் விழுங்கிவிடும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி வாக்கில் வரும் சனிக்கிழமை கிடைத்தால் விடாதீர்கள். அரை நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில்தான் பள்ளங்கள் நிழலோடு தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் படி: வண்டியும் மூட்டையும்

ஏழெட்டுப் பேர் என்றால் வேன் பேசிக்கொள்வது நல்லது. பேசும்போதே மலையேற்றமும் இரவு ஓட்டமும் உண்டு என்று சொல்லிவிடுங்கள். ரயிலில் வருபவர்களுக்குக் காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாமே சென்னை – பெங்களூரு தடத்தில் ஒரே கோட்டில் இருக்கின்றன. பேருந்திலேயே முழுத் திட்டத்தையும் முடிக்க நினைத்தால், வானாய்வகம் இருக்கும் காவலூருக்குப் போகும் சனி இரவுதான் சிக்கல். போகப் பேருந்து உண்டு, ராத்திரி திரும்புவதை நம்ப முடியாது. அந்த ஒரு பகுதிக்காவது வாணியம்பாடியிலோ ஆலங்காயத்திலோ வண்டி எடுங்கள்.

மூட்டையில் முக்கியமானவை: ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பெரிய கேன் ஒன்று, இரண்டு பழைய போர்வை, டார்ச் லைட், அதன் முகத்தில் கட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர். வேலூருக்கு ஸ்வெட்டரா என்று கேட்காதீர்கள். மார்கழியில் காவலூரில் இருட்டிய பிறகு பல் கிட்டும்.

மலை வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு வாயில் அடக்கக் கொடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறாமல் இருப்பது அதைவிட நல்ல மருந்து.

சாப்பாட்டில் ஒரு வேளை மட்டும் கட்டுசோறு. அது ஞாயிறு மதியத்துக்கு. புளிக்காய்ச்சலை மட்டும் வீட்டில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சி, வேர்க்கடலை தனியாக வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் காலையில் வெறும் சாதம் வாங்கிப் பிசைந்தால் போதும். முதல் நாளே பிசைந்து எடுத்துப் போனால் வெயிலில் சாதம் விறைத்துவிடும். தயிர்சாதம் வேண்டுமென்றால் குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து கட்டுங்கள். மதியத்துக்குள் தானே உறையும், புளிக்காது. வாழை இலை, மந்தாரை இலை எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மலைமேல் மாடுகளும் மான்களும் அதைத் தின்று சாவதைப் பார்த்தவர்களுக்குத் தடை தேவைப்படாது.

மூன்றாம் படி: சனிக்கிழமை காலை, கோட்டை

ஆறரை மணிக்குக் கோட்டை வாசலில் இருங்கள். அகழித் தண்ணீரில் மதில் தலைகீழாகத் தெரியும் நேரம் அது. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கத் தலைவர்கள் கட்டியது. அப்புறம் பிஜாப்பூரார், மராத்தியர், ஆற்காட்டு நவாப், கடைசியில் ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்தது.

நேராக ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். யாளியின் வாயில் என்ன இருக்கிறது, குதிரையின் காலடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு விட்டுவிட்டால் அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே, சாமியில்லாக் கோயில், அது இதுதான். பல தலைமுறைகளாகக் கருவறை வெறுமையாகக் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16 அன்று ஊர்மக்கள் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நாளைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தாத்தாவோ ஆயாவோ உடன் வந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

பிறகு 1806. ஜூலை 10 விடியற்காலையில், தலைப்பாகை மாற்றத்தையும் நெற்றிக்குறி, தாடிக்குத் தடையையும் எதிர்த்து இந்தியச் சிப்பாய்கள் இந்தக் கோட்டைக்குள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினான். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தைய கதை. திப்புவின் குடும்பம் சிறை வைக்கப்பட்டதும் இங்கேதான். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன் இங்கே கைதியாக இருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது.

எட்டரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். அதற்கு மேல் அங்கே கல் சுடும். இட்லி, பொங்கல் என்று லேசாக முடித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு வயிறு வேண்டும்.

நான்காம் படி: விரிஞ்சிபுரம்

வேலூரிலிருந்து பெங்களூரு சாலையில் 15 கிலோமீட்டருக்குள். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். ஊர்க்காரர்களுக்கு வழித்துணைநாதர். வெளியூர்ப் பயணம் கிளம்புகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகும் சாமி என்பதால் முதல் நாளிலேயே வைத்திருக்கிறேன். விரிஞ்சை மதிலழகு என்று சொல்வார்கள். அந்த மதிலை வெளியே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பிள்ளைகளுக்கு இங்கே ஒரு விருந்து இருக்கிறது, மணிகாட்டும் கல். அரைவட்டமாகக் கோடுகள் செதுக்கிய கல்லின் மேல் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் நேரம். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விடுங்கள். ஒன்பதரை, பத்து மணிக்குப் போனால் வெயில் சரியான சாய்வில் இருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சிம்மத் தீர்த்தத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: ஆம்பூரில் பிரியாணி

இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆம்பூர் பிரியாணியை ஆம்பூரில், விறகடுப்பில் வைத்த அண்டாவிலிருந்து, தம் உடைத்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஊருக்குள் இருக்கும் பழைய கடைகளில் எங்கே கூட்டம் பார்சலுக்கு நிற்கிறதோ அங்கே போங்கள். நெடுஞ்சாலையில் ஆம்பூர் பெயரைப் பலகையில் எழுதியிருப்பவையெல்லாம் அந்த ருசியைத் தரும் என்று சொல்ல மாட்டேன்.

ஆற்காட்டு நவாபின் சமையல்கட்டிலிருந்து வந்த கை என்று ஊரில் சொல்வார்கள். இதன் குணத்தைப் புரிந்துகொண்டு சாப்பிட்டால் ருசி கூடும். அரிசி சீரகச்சம்பா. பாசுமதியின் நீளமும் வாசனையும் இதில் கிடையாது. பொடிசாக இருக்கும், மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். காரத்துக்கு மிளகாய்த்தூள் போடுவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துப் போடுவார்கள். நிறம் அதனால்தான் கருஞ்சிவப்பாக வருகிறது, தொண்டையை அறுக்கும் காரம் வருவதில்லை. அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறி மசாலாவோடு சேர்த்து, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் போடுவார்கள். ஏலம், பட்டை, கிராம்பு கை அடக்கமாகவே விழும். எண்ணெயும் அளவு. அதனால் இரண்டாம் முறை வாங்கினாலும் வயிறு மந்தமாகாது.

தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய், கூடவே வெங்காயத் தயிர். கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்காதீர்கள். சோற்றோடு ஒரு பிடியில் அதைச் சேர்த்துச் சாப்பிடுவதுதான் இங்கே வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்குக் குஷ்கா வாங்கித் தயிரோடு பிசைந்து கொடுக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களைப் பிரியாணிக் கடையில் உட்கார வைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். பேருந்து நிலையப் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. குடும்பம் ஒரு மணி நேரம் இரண்டாகப் பிரிந்தால் குற்றமில்லை.

சாப்பிட்ட பிறகு மூன்று மணி வரை வெயிலில் சுற்றாதீர்கள். தோல் தொழில் ஊர் இது. செருப்பு, பெல்ட், பை வாங்க வேண்டியிருந்தால் அந்த நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாணியம்பாடி போய் அறை எடுத்துப் பெரியவர்களைப் படுக்க வையுங்கள். சனி இரவு தங்க வாணியம்பாடியோ திருப்பத்தூரோதான் என் யோசனை. ஏலகிரியில் அறை போட்டுவிட்டு, காவலூரிலிருந்து பத்து மணிக்கு மேல் மலைவளைவுகளில் தூங்கி வழியும் பிள்ளைகளோடு ஏறுவது வேண்டாம்.

ஆறாம் படி: காவலூரில் வானம்

மூன்றரைக்கு வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் கிளம்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காவலூர். ஜவ்வாது மலையின் காட்டுக்குள், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில். கிளம்பும் வாரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மழை மேகம் இருந்தால் இரவுக் காட்சி கிடையாது.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது இங்கே இருப்பதே தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் தேடி இந்த இடத்தைத் தேர்ந்தார். நகர வெளிச்சம் எட்டாத காடு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தெற்கு வானமும் தெரியும். இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்த அந்த நிகழ்வைப் பதிவுசெய்த கருவிகளில் ஒன்று. ஒரு விண்மீனுக்கு முன்னால் யுரேனஸ் கடந்து போக, கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் விண்மீன் அடுத்தடுத்து மங்கியது. அந்த மங்கல்கள்தான் வளையங்கள். 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்கப் பாப்பு இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். அதன் எண் 4130. பிள்ளைகளிடம் இதையெல்லாம் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்க் கேள்வி கேட்பார்கள்.

பகல் வெளிச்சத்தில் பெரிய தொலைநோக்கியின் கூண்டைப் பாருங்கள். இருட்டியதும் சிறிய தொலைநோக்கியில் நிலாவையோ, அன்று தெரியும் கோளையோ காட்டுவார்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள், வெறுங்கண்ணுக்கே இங்கே வானம் கொட்டிக் கிடக்கிறது. தை, மாசியில் தலைக்கு மேலே ஆறு மீன் கூட்டமாகக் கார்த்திகை, அதன் பக்கத்தில் செம்மையாக ரோகிணி, கொஞ்சம் கிழக்கே தள்ளித் திருவாதிரை. தெற்கே தாழ்வாகப் பளிச்சென்று நிற்பது அகத்திய மீன். ஜாதகத்தில் மட்டும் கேட்ட பெயர்களை ஆயா வானத்தில் கைகாட்டிச் சொல்லும்போது பேரப்பிள்ளைகள் காட்டும் ஆச்சரியத்துக்காகவே இந்தத் திட்டத்தைச் சனிக்கிழமையில் வைத்தேன்.

இரண்டு ஒழுக்கம் கட்டாயம். கைபேசி விளக்கை அடிக்கக் கூடாது, டார்ச்சில் சிவப்புத்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் எல்லாருக்கும் அதைக் கெடுத்துவிடும். திரும்பும்போது காட்டுவழியில் நிறுத்தி இறங்காதீர்கள்.

ஏழாம் படி: ஞாயிறு, ஏலகிரி

காலை ஏழுக்குப் பொன்னேரி அடிவாரம். அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. புலவர்கள் பெயரும், பாரி, காரி, ஓரி, அதியமான், நள்ளி, பேகன், ஆய் என்று கடையேழு வள்ளல்கள் பெயரும். பிள்ளைகளைப் பலகை படிக்கச் சொல்லுங்கள், வள்ளல் யாருக்கு என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை என்று பதில் வருவதற்குள் மலை ஏறிவிடுவீர்கள்.

மேலே ஏறக்குறைய 1,100 மீட்டர். நடக்கக் கூடியவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறுங்கள். ஏலகிரியின் உச்சி அதுதான். காட்டுப்பாதை, நடுவில் கடை கிடையாது, தண்ணீரைத் தூக்கிக்கொண்டே ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் புங்கனூர் ஏரியில் படகு விட்டுக்கொண்டு இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்ததும் நிலாவூர்ப் பக்கம் போங்கள். ஏரி, கதவநாச்சியம்மன் கோயில், மலைக்கிராமத்து வீடுகள். கூட்டம் குறைவு. கட்டுசோற்றைப் பிரிக்க எனக்குப் பிடித்த இடம் அதுதான். படகுத்துறையில் குரங்கு உங்களுக்கு முன்னால் சாப்பிட்டுவிடும்.

வழியில் மலைவாழ் மக்கள் விற்கும் பலா, சீத்தா, கொய்யாவை அந்தந்தப் பருவத்தில் வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மழைக்குப் பிந்தைய மாதமென்றால் இறங்கித் திருப்பத்தூர் வழியாக ஜலகம்பாறை அருவிக்குப் போகலாம். ஏலகிரியின் மறுபக்கம் அது. தண்ணீர் விழுகிறதா என்று திருப்பத்தூரிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். பாறை வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்தே நிறுத்துங்கள். ஏரி, கிணறு, பாலாற்றில் மணல் எடுத்த பள்ளம் எதிலும் இறங்கிக் குளிக்க வேண்டாம். மேலே சாந்தமாக இருக்கும், அடியில் ஆளை இழுக்கும்.

ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால்

மலையையும் கோட்டையையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டரில் அமிர்தி இருக்கிறது. ஜவ்வாது மலையடிவாரக் காடு, சிறு விலங்குப் பூங்கா, மழைக்காலத்தில் ஓடை. காலை போய், மரத்தடியில் சாப்பிட்டு, மாலை திரும்பலாம். கைக்குழந்தையோடு போக இதைவிட எளிய இடம் நம் பக்கத்தில் இல்லை.

கோடைக்கு: ராத்திரிக் கூத்து

பங்குனியிலிருந்து ஆனி வரை நம் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி அதே கதை தெருக்கூத்தாக நடக்கும். எந்த ஊரில், எந்த நாள், என்ன கூத்து என்பதை அறியப் பேருந்து நிலையச் சுவர்களிலும் டீக்கடைகளிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படியுங்கள்.

முதல் முறை குடும்பத்தோடு போகிறவர்கள் அர்ச்சுனன் தபசு அன்று போங்கள். உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து பூவும் எலுமிச்சையும் வீசுவார். அதைப் பிடிக்கக் கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். இன்னொரு நல்ல நாள் கடைசி நாள். காலையில் படுகளம். தரையில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து வைத்திருப்பார்கள். கூத்தில் அவன் விழுந்த பிறகு திரௌபதி கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி. படுகளம் பார்க்க விடியலில் போய் வெயிலுக்குள் திரும்பிவிடலாம். தீமிதியில் நெரிசல் அதிகம், சின்னப் பிள்ளைகளை முன்வரிசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ராத்திரிக் கூத்துக்குப் போர்வையும் தலையணையும் எடுத்துப் போய்த் தரையில் விரித்து உட்காருங்கள். பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பிள்ளைகள் நடுவில் தூங்கட்டும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வரும்போது எழுப்பிவிடுங்கள். ஆடிக்கொண்டிருப்பவர்களின் முகத்துக்கு நேராகக் கைபேசியை நீட்டாதீர்கள். தட்டு வந்தால் பிள்ளைகள் கையால் பணம் போடச் சொல்லுங்கள்.

திரும்பும்போது வாங்க

ஜவ்வாது மலைச் சாமை, புளி, தேன் ஆலங்காயம் பக்கம் கிடைக்கும். வேலூர் உழவர் சந்தையில் முள்ளு கத்தரிக்காய் கேளுங்கள். இலவம்பாடிப் பக்கம் விளைவது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பிலும் தோகையிலும் முள் இருக்கும், பிள்ளைகள் கையில் பையைக் கொடுக்காதீர்கள். காம்போடு நான்காகக் கீறி, வறுத்தரைத்த வேர்க்கடலை, தனியா, மிளகாய் அடைத்து நல்லெண்ணெயில் வதக்கிப் புளி விட்டால் மறுநாள் சாமைச் சோற்றுக்குப் போதும். காம்பை மட்டும் வெட்டி எறியாதீர்கள், கீறிய காய் பிரியாமல் நிற்பதே அதில்தான்.